பயண உற்பத்திக் கணக்கு: மண்டலச் சராசரியா, குடும்ப வகையா?

புதுத்தடம்

வணக்கம். நகரப் போக்குவரத்துத் திட்டம் ஒன்றில் பயண உருவாக்கக் கணக்கு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பு கையில் உள்ளது. குடும்பத்தில் எத்தனை பேர், வேலைக்குப் போவோர் எத்தனை பேர், படிப்போர் எத்தனை பேர், என்னென்ன வாகனங்கள், வருமானப் பிரிவு எது, முந்தைய நாள் ஒவ்வொருவரும் எங்கெங்கே போனார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. இதிலிருந்து இருபது ஆண்டு கழித்து ஒவ்வொரு மண்டலத்திலும் (கணக்குக்காக நகரைப் பிரித்த பகுதி) எத்தனை பயணங்கள் உருவாகும் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். மண்டலத்தின் மொத்தப் பயணங்களை மக்கள்தொகை, மொத்த வாகனங்கள் ஆகியவற்றோடு பொருத்தித் தொடர்புப் போக்குச் சமன்பாடு போட்டால் ஆர்-வர்க்கம் (தரவின் ஏற்ற இறக்கத்தில் சமன்பாடு விளக்கும் பங்கு, அதிகபட்சம் 1) 0.9-ஐத் தாண்டுகிறது. அதே தரவில் ஒவ்வொரு குடும்பத்தையும் தனி வரியாக வைத்தால் 0.3-க்கு மேல் ஏற மறுக்கிறது. குழுவில் மூத்தவர் முதல் சமன்பாட்டையே அறிக்கையில் போடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று அவரிடம் எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தெளிவும் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

எண்கணியன்

உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது.

பெரிய மண்டலத்தில் ஆட்கள் அதிகம், வாகனங்கள் அதிகம், பயணங்களும் அதிகம். சின்ன மண்டலத்தில் மூன்றுமே குறைவு. உங்கள் 0.9 கண்டுபிடித்தது பெரும்பாலும் அவ்வளவுதான். மொத்தங்களுக்குப் பதிலாகக் குடும்பச் சராசரிகளை வைத்துச் செய்தாலும் சிக்கல் முழுதாகத் தீராது. ஒரு மண்டலத்துக்குள் குடும்பத்துக்குக் குடும்பம் இருக்கும் வேறுபாடு, சராசரி எடுக்கும் அந்த நொடியிலேயே காணாமல் போகிறது. இல்லாத வேறுபாட்டைச் சமன்பாடு விளக்கத் தேவையில்லை. அதனால்தான் எண் அழகாகத் தெரிகிறது.

சமூகவியலாளர் ராபின்சன் 1950-லேயே இந்தப் பொறியைக் காட்டிவிட்டார். 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமாக வாழும் மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. தனி ஆட்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தோரிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம். ஒட்டுறவின், அதாவது இரண்டும் சேர்ந்து மாறும் போக்கின், குறியே மாறிவிட்டது. மண்டலச் சமன்பாட்டிலிருந்து குடும்பத்தின் நடத்தையைப் படிக்கப் போனால் நமக்கும் அதுவே நேரலாம்.

ஒரு சின்னக் கணக்கு. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நால்வர் குடும்பம் வாகனம் இல்லாவிட்டால் நாளுக்கு 5 பயணம் போகிறது, ஒரு வாகனம் இருந்தால் 8, இரண்டு இருந்தால் 9. முதல் வாகனம் கொண்டுவரும் மாற்றத்தை இரண்டாவது கொண்டுவருவதில்லை. இப்போது ஆயிரம் குடும்பங்கள் கொண்ட இரண்டு மண்டலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லோரிடமும் ஒரு வாகனம்: 8,000 பயணம். இன்னொன்றில் பாதிக் குடும்பங்களிடம் வாகனமே இல்லை, மீதிப் பாதியிடம் இரண்டிரண்டு: 2,500 + 4,500 = 7,000. குடும்ப அளவின் சராசரி இரண்டிலும் 4. வாகனச் சராசரி இரண்டிலும் 1. மண்டலச் சராசரி மட்டுமே தெரிந்த சமன்பாடு இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். ஆயிரம் பயண வித்தியாசம் அதன் கண்ணுக்கே படாது. இரண்டாவது மண்டலத்தில் பஸ்ஸை நம்பி இருக்கும் ஐந்நூறு குடும்பங்களும் அப்படித்தான்.

0.3 குறைவாகத் தெரிகிறதே என்று வருந்த வேண்டாம். ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு நாளைப் பதிவு செய்கிறோம். அன்றைக்கு ஒருவருக்குக் காய்ச்சல் இருந்திருக்கும், ஒருவர் விடுப்பில் இருந்திருப்பார். அந்த ஏற்ற இறக்கத்தை எந்தச் சமன்பாடும் பிடிக்காது, பிடிக்கவும் தேவையில்லை. அந்த வகைக் குடும்பங்கள் ஆயிரம் சேர்ந்தால் சராசரி எவ்வளவு என்பதுதான் நமக்கு வேண்டும்.

கற்கும்கை

குறுக்கே ஒரு அடிப்படைக் கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டிலிருந்து அலுவலகம் போவது வீட்டு மண்டலத்தின் உற்பத்தி என்பது புரிகிறது. மாலையில் அலுவலகத்திலிருந்து கிளம்புவது அலுவலக மண்டலத்தின் உற்பத்திதானே?

முதுவரைவாளர்

இல்லை தம்பி. வீட்டைச் சார்ந்த பயணம் எந்தத் திசையில் போனாலும் வீடு இருக்கும் முனையே உற்பத்தி, மறுமுனை ஈர்ப்பு. காலைப் பயணமும் மாலைப் பயணமும் சேர்ந்து வீட்டு மண்டலத்துக்கு இரண்டு உற்பத்தி, அலுவலக மண்டலத்துக்கு இரண்டு ஈர்ப்பு. காரணம் எளிது. அந்தப் பயணம் இருப்பதே அந்த வீட்டில் அந்த ஆள் இருப்பதால்தான். நாளைக்கு அங்கே எத்தனை குடும்பங்கள் குடியேறும் என்பதை வைத்துத்தானே முன்கணிப்புச் செய்கிறோம்? எந்தத் திசையில், எந்த நேரத்தில் என்பதைப் பிறகு நேரப் பகிர்வில் பிரித்துக்கொள்ளலாம். இரு முனையும் வீடாக இல்லாத பயணத்துக்கு மட்டும் புறப்பட்ட இடம் உற்பத்தி, சேர்ந்த இடம் ஈர்ப்பு.

புதுத்தடத்துக்கு: உங்கள் மூத்தவரின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் அவரிடம் பேசுவது எளிதாக இருக்கும். 1953-ல் டெட்ராய்ட்டிலும் 1955-ல் சிகாகோவிலும் தொடங்கிய பெரும் ஆய்வுகளில்தான் இன்றைய நான்கு படி முறை உருப்பெற்றது. இரண்டுக்கும் தலைமை டக்ளஸ் கேரல். பயண உருவாக்கம், பயணப் பகிர்வு, வாகனத் தேர்வு, பாதை ஒதுக்கீடு என்று படிகள். 1962-ல் அமெரிக்கச் சட்டம் ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரப் பகுதிகளில் தொடர்ச்சியான திட்டமிடல் நடந்தால்தான் நெடுஞ்சாலை நிதி என்று ஆக்கியது. எல்லோரும் அதே முறையைக் கையில் எடுத்தார்கள். அன்றைய கணிப்பொறிகளுக்கு மண்டல மொத்தங்களே வசதி. வசதிக்காக வந்தது பிறகு மரபாகிவிட்டது.

மாற்று வழியும் பழையதே. 1967-ல் பிரிட்டனில் வாட்டன், பிக் இருவரும் குடும்பங்களை 108 வகைகளாகப் பிரித்தார்கள்: வருமானம் 6 பிரிவு, வாகன உடைமை 3 பிரிவு, குடும்ப அமைப்பு 6 பிரிவு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பயண விகிதம். மண்டலத்தில் எந்த வகையில் எத்தனை குடும்பங்கள் என்று தெரிந்தால் பெருக்கிக் கூட்டிவிடலாம். நேர்கோடு என்ற கட்டாயம் இதில் இல்லை. முதல் வாகனத்துக்கு ஒரு தாவல், இரண்டாவதுக்கு அதைவிடச் சின்னத் தாவல் என்று தரவு சொல்வது அப்படியே அட்டவணையில் நிற்கும். நான் வேலை பார்த்த காலம் முழுதும் இதைத்தான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

தரவுத்தோட்டம்

2020-களில் இன்னும் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்க வேண்டுமா? கைபேசி இடப்பதிவுகள் இலட்சக்கணக்கான பேரின் நடமாட்டத்தைத் தருகின்றன, அதுவும் ஒரு நாளுக்கல்ல, மாதக்கணக்கில். நினைவிலிருந்து சொல்லும் பதில்களைவிட அது நம்பகமானது. கணக்கெடுப்பில் ஆட்கள் சின்னப் பயணங்களை மறந்துவிடுகிறார்கள் என்பதை ஜிபிஎஸ் கருவி கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

எண்கணியன்

மறதி பற்றி நீங்கள் சொல்வது உண்மை. எல்லோருக்காகவும் வீட்டில் ஒருவரே பதில் சொல்லும்போது மற்றவர்களின் நடுப்பகல் பயணங்கள் இன்னும் அதிகமாக விடுபடுகின்றன.

ஆனால் கோபுரப் பதிவு ஒரு கைபேசியின் இடத்தைச் சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரையிலான துல்லியத்தில்தான் சொல்கிறது. பக்கத்துத் தெருவுக்கு நடந்து போனது அதில் அசைவாகவே தெரியாது. இரவில் எங்கே இருக்கிறது என்பதை வைத்து வீடு எது என்று ஊகிக்கலாம். அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், எதற்காகப் போனார்கள், வண்டி யாருடையது என்பதெல்லாம் தெரியாது. ஒருவரிடம் இரண்டு கைபேசி இருக்கும், குழந்தையிடம் ஒன்றும் இருக்காது. நமக்கு வேண்டியது குடும்பத்தின் தன்மைக்கும் அதன் பயணத்துக்கும் உள்ள தொடர்பு. எதிர்காலத்தில் மாறப்போவது அந்தத் தன்மைதானே! அந்தத் தொடர்பு கைபேசிப் பதிவில் இல்லை.

மண்டலத்துக்கு மண்டலம் ஓட்டம் எவ்வளவு, நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று சரிபார்க்க அது அருமையான தரவு. ஆறு, ரயில் பாதை போன்ற ஒரு கோட்டைக் கடக்கும் போக்குவரத்தை எண்ணி மாடலோடு ஒப்பிடுகிறோமே, அந்த வேலைக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடைவழி

அட்டவணையா சமன்பாடா என்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கணக்கெடுப்பில் எதைப் பயணம் என்று எண்ணியிருக்கிறீர்கள்?

தொடக்க கால ஆய்வுகள் சாலையில் வாகனங்கள் எத்தனை வரும் என்று அறியப் பிறந்தவை. நடை அவற்றில் ஓரத்தில் கிடந்தது. இங்கிலாந்தின் தேசியப் பயணக் கணக்கெடுப்பு ஏழு நாள் குறிப்பேடு கேட்கிறது. அங்கேயே ஒரு மைலுக்குக் குறைந்த நடையை ஏழில் ஒரு நாளுக்கு மட்டும்தான் எழுதச் சொல்கிறார்கள், பிறகு எடையிட்டுக்கொள்கிறார்கள். எல்லா நாளும் எழுதச் சொன்னால் சோர்ந்து குறிப்பேட்டையே கைவிட்டுவிடுவார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. அவர்கள் அதைத் தெரிந்தே செய்கிறார்கள், வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பல இடங்களில் படிவத்தில் "500 மீட்டருக்கு மேல்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அதை மறந்தே போகிறார்கள். அந்த ஒரு வரியில் வாகனம் இல்லாத குடும்பத்தின் பயண விகிதம் சரிந்துவிடுகிறது. வசதியான குடும்பம் அதிகம் பயணிப்பதாகவும் ஏழைக் குடும்பம் வீட்டிலேயே இருப்பதாகவும் ஓர் அட்டவணை பிறக்கிறது. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி படிவம் உண்டாக்கியது.

இன்னொன்று. ஒரு தாய் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார், அங்கிருந்து சந்தை, அங்கிருந்து மாமியாருக்கு மருந்து, பிறகு வீடு. மாடலின் கணக்கில் இது நான்கு துண்டுகள். முதலும் கடைசியும் வீட்டைச் சார்ந்தவை, நடுவில் உள்ள இரண்டும் "வீட்டைச் சாராதவை" என்ற பொதுக் குவியலில் விழுகின்றன. நோக்கம் என்ற கட்டத்தில் ஒன்று "கடை", ஒன்று "பிற". பராமரிப்புக்காக ஒருவர் அலையும் அலைச்சல் இப்படிச் சிதறிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஸ்பெயினின் இனெஸ் சாஞ்செஸ் தே மதரியாகா இதற்காகவே பராமரிப்புப் பயணம் என்று தனி வகை வைத்து எண்ண வேண்டும் என்று வாதாடினார். எண்ணிப் பார்த்தால் அது வேலைப் பயணத்துக்குச் சற்றே குறைந்த பெரும் பங்காக நிற்கும் என்று காட்டினார். புதுத்தடம், உங்கள் தரவில் நோக்கக் குறியீடுகளைத் திறந்து பாருங்கள். யாரையாவது கூட்டிப்போனது, கொண்டுவிட்டது எல்லாம் எந்தக் குறியீட்டில் இருக்கிறது?

புதுத்தடம்

பார்த்தேன் அம்மா. "பிற" என்ற குறியீட்டில்தான் இருக்கின்றன. நல்ல வேளையாகப் போன இடத்தின் வகை தனியாகப் பதிவாகியிருக்கிறது, எனவே பள்ளிக்குப் போன பெரியவர்களைப் பிரித்தெடுக்க முடிகிறது. நடைக்குக் குறைந்தபட்சத் தூரம் எதுவும் படிவத்தில் இல்லை.

ஆனால் அன்றைக்கு வெளியே போகவே இல்லை என்று பதில் சொன்னவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

முதுவரைவாளர்

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். மாட்ர், ஆக்ஸ்ஹவுசன், புரோக் மூவரும் 2007-ல் பல நாட்டுக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, வேலைநாளில் வெளியே போகாதோர் 8 முதல் 12 சதவீதம் வரை இருப்பது எதிர்பார்க்கத்தக்கது என்றார்கள். அதைவிட மிக அதிகமாக இருந்தால் கணக்கெடுப்பின் தரத்தைச் சந்தேகிக்கச் சொன்னார்கள். "எங்கும் போகவில்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் மீதிக் கேள்விகளிலிருந்து தப்பலாம் என்பது பதில் சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். கேள்வியாளர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே நகரில் ஒருவருடைய தாள்களில் மட்டும் வெளியே போகாதவர்கள் குவிந்திருந்தால் விடை கிடைத்துவிடும்.

நடைவழி

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த 8–12 எல்லா ஊருக்கும் எல்லா வகை மனிதருக்கும் பொருந்தும் அளவுகோல் என்று எடுத்துக்கொண்டு பதில்களைத் தள்ளிவிடக் கூடாது. வயது, பாலினம், வேலை ஆகியவற்றால் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் இளைஞர்களில் மூன்றில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் அது தரவின் கோளாறு. நடக்கச் சிரமப்படும் முதியவர், கைக்குழந்தையோடு இருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் போகவில்லை என்றால் பெரும்பாலும் அது உண்மை. அந்த உண்மைதான் எனக்கு உறுத்துகிறது. அவர்களுக்குப் பயணத் தேவை இல்லை என்று அதற்குப் பொருளா?

சுற்றுவழி

நடைவழி தொட்ட இடம்தான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். குடும்ப வகை அட்டவணை மண்டலச் சமன்பாட்டைவிட நல்லது, சந்தேகமில்லை. ஆனாலும் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நால்வர், ஒரு வாகனம் என்றால் 8 பயணம். பஸ் அடிக்கடி வந்தாலும் 8, வராவிட்டாலும் 8. சாலை காலியாக இருந்தாலும் 8, நெரிசலில் திணறினாலும் 8. முதல் படியில் பயண எண்ணிக்கையைப் பூட்டிவிட்டுத்தான் மற்ற மூன்று படிகளுக்குப் போகிறோம். போக்குவரத்து வசதியை மாற்றும் திட்டத்துக்காக ஒரு மாடல் கட்டுகிறோம், அந்த மாடலில் பயணத்தின் அளவு போக்குவரத்து வசதியைப் பொறுத்து மாறவே மாறாது!

ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே, உச்ச நேரத்தில் விரைவுச்சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் மீண்டும் பழைய அளவுக்கு ஏறிவிடும் என்று எழுதினார். பிரிட்டன் அரசு அமைத்த ஆலோசனைக் குழு 1994-ல் புதிய சாலைகள் புதிய போக்குவரத்தை உண்டாக்குகின்றன, அது திட்ட மதிப்பீட்டை மாற்றும் அளவுக்கு இருக்கக்கூடும் என்று ஏற்றது. புதிதாக வரும் போக்குவரத்து எல்லாமே புதிய பயணம் அல்ல. நேரத்தை மாற்றிக்கொண்டவர்கள், பாதையை மாற்றிக்கொண்டவர்கள், தூரத்து இடத்தைத் தேர்ந்தவர்கள், பஸ்ஸை விட்டவர்கள் எல்லாம் சேர்ந்ததுதான். இருந்தாலும் பூட்டிய எண்ணிக்கை அதன் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது.

இன்னொரு குறை, துண்டுகளைத் தனித்தனியாகக் கையாள்வது. காலையில் பஸ்ஸில் அலுவலகம் போனவர் மாலையில் காரில் திரும்புவார், ஏனென்றால் மாடலுக்கு இரண்டும் தொடர்பற்ற இரண்டு பயணங்கள். வீட்டில் இருக்கும் ஒரே கார் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடும். 1970-ல் ஸ்வீடனின் ஹேகர்ஸ்ட்ராண்ட் மனிதர்களின் நாளை நேரத்திலும் இடத்திலும் செல்லும் ஒரே தொடர்கோடாகப் பார்க்கச் சொன்னார். தூங்க வேண்டும், குறித்த நேரத்தில் குறித்த ஆளோடு சேர்ந்து இருக்க வேண்டும், பள்ளியும் கடையும் திறந்திருக்கும் நேரத்துக்குள் போக வேண்டும். இந்தத் தளைகளுக்கு நடுவில் எஞ்சும் இடுக்கில்தான் பயணம் நடக்கிறது. செயல்சார் மாடல்கள் அந்த வழியில் வந்தவை. வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பும் வரை ஒரே சுற்று. பிள்ளையை யார் கொண்டுவிடுவது, வண்டியை யார் எடுப்பது என்பதும் மாடலுக்குள் தீர்மானமாகும். நடைவழி சொன்ன தாயின் நாள் அங்கே நான்கு துண்டாகச் சிதறாது.

முதுவரைவாளர்

சுற்றுவழி சொல்லும் குறைகள் அனைத்தும் உண்மை. ஆனால் புதுத்தடத்தின் கையில் இருப்பது ஒரு கணக்கெடுப்பு, ஒரு கெடு, சின்னக் குழு. செயல்சார் மாடலை முழுதாகக் கட்டிச் சரிபார்க்க வேண்டிய தரவும் ஆட்களும் பல நகரங்களுக்குக் கிடைப்பதில்லை. அரைகுறையாகக் கட்டிய நுட்பமான மாடலைவிட, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடிகிற அட்டவணை மேல்.

மாடல் நுட்பமானால் கணிப்பு தானாகச் சரியாகிவிடும் என்பதும் இல்லை. ஃப்ளூபியர்க் குழு 2005-ல் 14 நாடுகளின் 210 திட்டங்களைப் பார்த்தது. ரயில் திட்டங்களில் பத்தில் ஒன்பதுக்குப் பயணிகள் எண்ணிக்கையை மிகைப்படுத்தியிருந்தார்கள், சராசரி மிகை 106 சதவீதம். சாலைகளில் பாதித் திட்டங்களுக்குக் கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் 20 சதவீதத்துக்கு மேல், கூடுதலாகவோ குறைவாகவோ. பிழைகள் ஒரே பக்கம் சாயும்போது அதற்குக் கணிதம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. திட்டம் வேண்டும் என்று முன்பே முடிவெடுத்தவர்கள் கணக்கைக் கேட்கிறார்கள்.

எண்கணியன்

தனி ஆள் அளவில் கணிப்பதன் வலிமைக்கு ஒரு எடுத்துக்காட்டையும் சேர்க்கிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பார்ட் ரயில் வருவதற்கு முன் மக்கள் எதில் வேலைக்குப் போனார்கள் என்ற தரவை வைத்து டேனியல் மெக்ஃபேடன் தன் தேர்வு மாடலைக் கட்டினார். வேலைப் பயணங்களில் பார்ட்டின் பங்கு 6.3 சதவீதம் என்று கணித்தார். மண்டல மொத்தங்களிலிருந்து வந்த அதிகாரபூர்வக் கணிப்பு 15. நிஜம் 6.2. இந்த வழியில் செய்த பணிக்குத்தான் 2000-ல் பொருளியல் நோபல் பரிசு. ஆனால் அவரே, தன் கணிப்பின் திட்டப் பிழையை (மாதிரியால் வரும் தடுமாற்ற அளவை) பார்த்தால் இவ்வளவு நெருங்கியதில் நல்வாய்ப்பும் உண்டு என்று சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

நடைவழி

என் கேள்வி இன்னும் நிற்கிறது. வாகனம் இல்லாத குடும்பம் 5 பயணம் என்று அட்டவணை சொல்கிறது. அது அந்தக் குடும்பத்தின் தேவை இல்லை. பஸ் வராத, நடைபாதை இல்லாத, இருட்டினால் பெண்கள் இறங்கத் தயங்குகிற தெருவில் அவர்களால் முடிந்த அளவு. போக நினைத்துப் போகாத மருத்துவமனை, ஏற்க முடியாமல் விட்ட வேலை, பாதியில் நின்ற மாலை வகுப்பு எதுவும் 5-க்குள் இல்லை. அந்த 5-ஐ எடுத்து இருபது ஆண்டுக்கு அப்பால் நீட்டினால், இல்லாமை அப்படியே தொடரும் என்று திட்டமிட்டதாகிறது. அங்கே பயணம் குறைவு, ஆகவே பஸ் தேவையில்லை என்று அறிக்கை எழுதுவார்கள். பஸ் இல்லை, ஆகவே பயணம் குறைவு. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். இதைக் கண்முன்னால் பார்த்தவள் என்பதால் கடுமையாகச் சொல்கிறேன்.

எண்கணியன் ஐயா, அட்டவணை முறைக்குள் இருந்துகொண்டே இதைப் பிடிக்க வழி இருக்கிறதா?

எண்கணியன்

ஓரளவுக்கு இருக்கிறது.

ஒரே வகைக் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: நால்வர், வாகனம் இல்லை, ஒரே வருமானப் பிரிவு. அவர்களில் நல்ல பஸ் வசதிக்கு நடை தூரத்தில் இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் பிரித்து, பயண விகிதத்தைத் தனித்தனியாக எடுங்கள். வித்தியாசம் இருந்தால், வசதி வந்தால் எழக்கூடிய பயணங்களுக்கு அது ஒரு முதல் மதிப்பு. எச்சரிக்கையும் வேண்டும்: அதிகம் வெளியே போக வேண்டியவர்கள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கத் தேடிப் போயிருக்கலாம். ஆகவே வித்தியாசம் முழுவதையும் பஸ்ஸின் விளைவு என்று சொல்ல முடியாது. மேல் வரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

இதை முறைப்படி செய்ய, அணுகல்நிலை என்று ஒரு மாறியை உருவாக்குங்கள். அந்த வீட்டிலிருந்து, சொந்த வாகனம் இல்லாமல், முக்கால் மணி நேரத்துக்குள் எத்தனை வேலைகள், பள்ளிகள், மருத்துவமனைகளை அடைய முடியும் என்பது. அதைக் குடும்ப அளவிலான சமன்பாட்டில் சேர்த்தால் சுற்றுவழி சொன்ன பூட்டு கொஞ்சம் திறக்கும். குடும்ப அளவு, வாகன எண்ணிக்கை ஆகியவற்றை எண்களாக வைக்காமல் ஆம்–இல்லை மாறிகளாக வைத்தால், அட்டவணையின் நெகிழ்வும் கிடைக்கும், சமன்பாட்டின் வசதியும் கிடைக்கும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு வாய்ப்பு வந்தால் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "நேற்றோ இந்த வாரத்திலோ போக வேண்டியிருந்தும் போக முடியாமல் விட்ட இடம் உண்டா, ஏன்?" துல்லியமான எண் கிடைக்காது. எங்கே தேட வேண்டும் என்பது கிடைக்கும்.

சுற்றுவழி

அணுகல்நிலையைச் சேர்ப்பது நல்ல நடுவழி. முழுச் செயல்சார் மாடல் இல்லாவிட்டாலும், தரவை இப்போதே சுற்றுகளாகத் தொகுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர்கள் நன்றி சொல்வார்கள்.

புதுத்தடம்

எல்லோருக்கும் நன்றி. எண்கணியன் தந்த இரு மண்டலக் கணக்கை எங்கள் தரவிலேயே செய்து மூத்தவரிடம் காட்டினேன். சராசரிகள் ஏறத்தாழ ஒன்றாக உள்ள இரண்டு மண்டலங்களில் கணக்கெடுத்த பயண விகிதம் தெளிவாக வேறுபட்டது. குடும்ப வகை முறைக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. மண்டலத்துக்கு மண்டலம் தனி அட்டவணை போடும் அளவுக்கு மாதிரி போதுமா என்கிறார்.

இன்னொரு சிக்கல், 5 பேருக்கு மேல் உள்ள, இரண்டு வாகனம் கொண்ட குடும்பங்கள் மாதிரியில் மிகச் சில. அந்தக் கட்டத்தின் சராசரியை நம்பலாமா?

எண்கணியன்

போதாது, போதவும் வேண்டாம். குடும்பப் பயணங்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) சராசரிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், சராசரியை 95 சதவீத நம்பிக்கையில் ±5 சதவீதத்துக்குள் சொல்ல எளிய சமவாய்ப்பு மாதிரியில் (1.96 ÷ 0.05)² = 1,537 குடும்பங்கள் வேண்டும். 200 மண்டலங்களுக்குத் தனித்தனியாக என்றால் 3 இலட்சத்துக்கு மேல். யாராலும் முடியாது. குடும்ப வகை முறையின் பெரிய வரமே இதுதான். பயண விகிதத்தை நகரம் முழுவதற்கும் ஒரே அட்டவணையாக மாதிரியிலிருந்து எடுக்கிறோம். எந்த மண்டலத்தில் எந்த வகைக் குடும்பம் எத்தனை என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கிறோம்.

சில குடும்பங்களே உள்ள கட்டத்தின் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். 30-க்குக் கீழே போனால் எச்சரிக்கையாக இருப்பது வழக்கம். மொத்தச் சராசரியோடு அந்த வரிசையின் விலகலையும் அந்த நிரலின் விலகலையும் கூட்டி நிரப்பும் முறை உண்டு. மொத்தச் சராசரி 7, பெரிய குடும்பங்களின் விலகல் +1.5, இரண்டு வாகனக் குடும்பங்களின் விலகல் +1 என்றால் அந்தக் கட்டத்துக்கு 9.5. வாகனத்தின் விளைவு எல்லா அளவுக் குடும்பத்திலும் ஒன்றே என்ற அனுமானம் இதில் இருக்கிறது. நிறைய தரவு உள்ள கட்டங்களில் அந்த அனுமானம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தனியாக வசிப்பவர்களும் ஓயாமல் வெளியே அலைபவர்களும் கதவைத் தட்டும்போது பதில் சொல்லக் கிடைப்பது அரிது. எனவே குறைவாகச் சிக்கியவர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சரிசெய்த பிறகே இந்தக் கணக்கைத் தொடங்குங்கள்.

கற்கும்கை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மண்டல அளவில் குடும்ப அளவு தனியாகவும் வாகனம் தனியாகவும்தான் வெளியிடுவார்கள். இரண்டும் சேர்ந்த அட்டவணை கிடைக்காதே? எதிர்கால ஆண்டுக்கு இன்னும் கடினம் அல்லவா?

முதுவரைவாளர்

நல்ல கேள்வி. அதற்கு டெமிங், ஸ்டீஃபன் இருவரும் 1940-ல் தந்த மீள்பொருத்த முறை இருக்கிறது. மாதிரியில் இருக்கும் கூட்டு அட்டவணையை விதையாக வைக்க வேண்டும். வரிசைகளை மண்டலத்தின் குடும்ப அளவு மொத்தங்களுக்குச் சரிசெய்து, பிறகு நிரல்களை வாகன மொத்தங்களுக்குச் சரிசெய்து, மறுபடி வரிசை, மறுபடி நிரல் என்று இரண்டும் ஒருசேரப் பொருந்தும் வரை போக வேண்டும். எதிர்கால ஆண்டுக்கும் இதேதான், ஓர மொத்தங்களை மட்டும் முன்கணிப்பிலிருந்து எடுப்பீர்கள். அந்த முன்கணிப்பில் வாகன உடைமை எவ்வளவு ஏறும் என்பதை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். குறைந்தது மூன்று நிலைகளில் ஓட்டிப் பாருங்கள்.

ஈர்ப்புப் பக்கம் மொத்தம் பொருந்தாவிட்டால், வீட்டைச் சார்ந்த பயணங்களில் உற்பத்தியை அப்படியே விட்டு ஈர்ப்புகளை அதற்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். குடும்பக் கணக்கெடுப்பில் உறுதியாக இருப்பது உற்பத்திதான்.

புதுத்தடம்

மீள்பொருத்தத்தை ஒரு மண்டலத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். விதையில் பூஜ்யமாக இருக்கும் கட்டம் கடைசி வரை பூஜ்யமாகவே நிற்கிறது. அந்த மண்டலத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்மையில் இருப்பது எனக்குத் தெரியும்.

முதுவரைவாளர்

பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம், முறை தானாக அதைத் திருத்தாது. மண்டலத்தின் சொந்த மாதிரியை விதையாக வைக்காமல் நகரம் முழுவதன் கூட்டு அட்டவணையை வையுங்கள், பெரும்பாலான பூஜ்யங்கள் மறைந்துவிடும். அப்படியும் எஞ்சினால் அது இருக்க முடியாத சேர்க்கையா, மாதிரியில் சிக்காத சேர்க்கையா என்று பாருங்கள். இருக்க முடியாததை அப்படியே விடுங்கள். சிக்காததற்கு மிகச் சிறிய ஒரு மதிப்பைக் கொடுங்கள், அல்லது "5 பேர்", "6 அல்லது அதற்கு மேல்" என்ற இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்குங்கள். எதைச் செய்தாலும் அறிக்கையின் இணைப்பில் எந்தக் கட்டம், என்ன மதிப்பு, ஏன் என்று எழுதிவையுங்கள்.

நடைவழி

வாகனம் இல்லாத நிரலை மட்டும் எதனோடும் சேர்த்துவிடாதீர்கள். மாதிரி குறைந்தாலும் அது தனியாகவே நிற்கட்டும்.

புதுத்தடம்

தனியாகவே வைத்திருக்கிறேன். பஸ் வசதிக்கு நடை தூரம், இல்லை என்று அதை இரண்டாகவும் பிரித்துவிட்டேன். ஓட்டி முடித்ததும் இங்கேயே அட்டவணையைப் பதிகிறேன்.